உரம் யாருக்கு, சுமை யார் தலையில்? மனிதச் சிறுநீரும் சாதியின் கணக்கும்

தூத்துக்குடியின் பொருளாதாரத்தில் உரத்துக்குத் தனியிடம் உண்டு. வ.உ.சி. துறைமுகத்தில் உரமும் உர மூலப்பொருள்களும் கப்பல்களிலிருந்து இறக்கப்படுகின்றன. ஸ்பிக் ஆலை 1975 முதல் இங்கு யூரியா உற்பத்தி செய்துவருகிறது. ஆயினும் இதே மாவட்டத்தின் விளாத்திகுளம், எட்டயபுரம், புதூர் ஆகிய கரிசல் பகுதிகளில் மானாவாரி விதைப்புக் காலம் வந்துவிட்டால், உர மூட்டைக்காக உழவர்கள் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அலைய நேர்கிறது. 2025ஆம் ஆண்டின் காரிஃப் பருவத்தில் நாட்டின் பல மாநிலங்களில் யூரியாத் தட்டுப்பாடு தலைப்புச் செய்தியாயிற்று.

இத்தகைய தட்டுப்பாடு எழும்போதெல்லாம் ஒரு யோசனையும் உடன் எழுகிறது. மனிதச் சிறுநீரைச் சேகரித்து உரமாக்கினால் என்ன என்பதே அது. மாடித்தோட்ட ஆர்வலர்களும் இயற்கை வேளாண்மை பேசுவோரும் மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி 2015ஆம் ஆண்டு, தம் சிறுநீரை 50 லிட்டர் கேனில் சேமித்துத் தில்லி இல்லத் தோட்டத்துச் செடிகளுக்குப் பயன்படுத்தியதாகவும் அவை நன்கு வளர்ந்ததாகவும் பொதுமேடையில் கூறினார். அப்போது தூத்துக்குடித் துறைமுகம் உள்ளிட்ட பெருந்துறைமுகங்களை நிர்வகிக்கும் கப்பல் துறையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. 2019இல் அவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். நாடு முழுவதும் சிறுநீரைச் சேமித்தால் யூரியாவை இறக்குமதி செய்யவே வேண்டியிராது என்றார். ஊடகங்கள் இதை நகைச்சுவையாக்கிக் கடந்தன. அந்தக் கேனைத் தூக்கிச் சென்றவர் யார் என்ற கேள்வியை எவரும் எழுப்பவில்லை. நாம் எழுப்ப விரும்புவது அந்தக் கேள்வியைத்தான்.

அறிவியல் சொல்வது என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். சிறுநீர் உரம்தான் என்பதில் அறிவியலுக்கு ஐயமில்லை. வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். மனிதக் கழிவிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதியும் பாஸ்பரஸில் ஏறத்தாழப் பாதியும் சிறுநீரில்தான் வெளியேறுகின்றன. யூரியா என்ற சொல்லே சிறுநீரிலிருந்து பிறந்ததுதான். ஆலை, எரிபொருளிலிருந்து அம்மோனியாவையும் அதிலிருந்து யூரியாவையும் உண்டாக்குகிறது. நம் உடல் உணவின் புரதத்திலிருந்து அதே யூரியாவை உண்டாக்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை இதன் பயன்பாட்டை ஏற்கிறது. ஒரு குடும்பம் தன் சிறுநீரைத் தன் தோட்டத்திற்கே பயன்படுத்துமாயின் சேமித்து வைக்க வேண்டிய கட்டாயமில்லை. கடைசியாக ஊற்றியதற்கும் அறுவடைக்கும் இடையே ஒரு மாதம் இருந்தால் போதும். பலரிடமிருந்து சேகரிக்கப்படும் சிறுநீரை எல்லாப் பயிர்களுக்கும் பயன்படுத்த வேண்டுமெனில், மூடிய தொட்டியில் 20 பாகை வெப்பநிலையில் ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். அக்காலத்தில் யூரியா அம்மோனியாவாக மாறுகிறது, காரத்தன்மை ஏறுகிறது, கிருமிகள் மடிகின்றன. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் வாழையில் இதைச் சோதித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். தாமிரபரணிப் பாசனத்தில் வாழையை நம்பி வாழும் திருவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பகுதி உழவர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

கடற்கரைக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறுநீரில் உப்பு இருக்கிறது. உப்பளங்கள் சூழ்ந்த, மழை குறைந்த, நிலத்தடி நீர் உவர்ப்பேறிய தூத்துக்குடிக் கரையோரத்தில் இதைத் தொடர்ந்து ஊற்றினால் மண் மேலும் உவர்ப்பேறும். நல்ல நீர் பாயும் மண்ணுக்கு ஏற்றது உப்பேறிய மண்ணுக்கு ஏற்றதாகிவிடாது.

அமைச்சரின் கணக்கும் நம் கணக்கும்

அமைச்சர் சொன்ன கணக்கை எள்ளி நகையாடத் தேவையில்லை. ஒருவரின் ஓராண்டுச் சிறுநீரில் ஏறத்தாழ 3 கிலோ நைட்ரஜன் உள்ளதெனக் கொள்வோம். யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு; ஆகவே அது ஆறரைக் கிலோ யூரியாவுக்குச் சமம். 140 கோடி மக்களுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 90 லட்சம் டன் யூரியா. 2020-21ஆம் ஆண்டு இந்தியா இறக்குமதி செய்த யூரியா ஏறத்தாழ 98 லட்சம் டன். தாளில் போட்டுப் பார்த்தால் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வருகிறது.

ஆனால் தாளில் எழுதாத ஒரு வரி இருக்கிறது. அது எடை. ஆறரைக் கிலோ யூரியாவைப் பெற அரை டன் திரவத்தைச் சேகரித்து, சேமித்து, வயலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 17.5 லட்சம். அத்தனை பேரின் ஓராண்டுச் சிறுநீரும் சேர்ந்து தருவது ஏறத்தாழ 11,000 டன் யூரியாவுக்குச் சமமான நைட்ரஜன். ஸ்பிக் ஆலையின் ஆண்டு உற்பத்தித் திறனில் இது 2 விழுக்காட்டைக்கூட எட்டாது. அதற்காக நகர்த்த வேண்டிய திரவமோ எட்டே முக்கால் லட்சம் டன்.

இனி விலையைப் பார்ப்போம். 45 கிலோ யூரியா மூட்டையின் மானிய விலை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய். அந்த விலையில் ஒரு மனிதரின் ஓராண்டுச் சிறுநீரிலுள்ள நைட்ரஜனின் மதிப்பு ஏறத்தாழ 35 ரூபாய். பாஸ்பரஸையும் பொட்டாஷையும் சேர்த்து, மானியத்தையும் நீக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் அது சில நூறு ரூபாயைத் தாண்டாது. அரை டன் எடையுள்ள, அம்மோனியா நெடியடிக்கும் திரவத்தைக் கையாளும் உழைப்புக்குச் சந்தை தரக்கூடிய உச்சவரம்பு அதுவே.

சட்டப்படியான கூலி, பாதுகாப்புக் கருவி, காப்பீடு, வாகனம் அனைத்தையும் கொடுத்து இந்த வேலையைச் செய்வித்தால் வரவைவிடச் செலவே மிகும். செலவு குறைய ஒரு வழி, குழாயும் எந்திரமும் கொண்டு மனிதக் கை படாத அமைப்பை நிறுவுவது. மற்றொரு வழி, ஏறத்தாழ ஒன்றும் வாங்காமல் சுமக்கும் மனிதரைக் கண்டுபிடிப்பது. இந்தியச் சமூகம் எந்த வழியைத் தேர்ந்தெடுத்துப் பழகியது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பழைய உரக்கிடங்கு

மனிதக் கழிவை உரமாக்கும் சிந்தனை இங்கு புதிதன்று. நகராட்சிக் குப்பை மேட்டைத் தமிழ்நாட்டு ஊர்களில் இன்றும் ‘உரக்கிடங்கு’ என்றே அழைக்கிறோம். நகரின் மலத்தையும் குப்பையையும் அடுக்கடுக்காகப் புதைத்து மட்க வைத்து உழவர்களுக்கு விற்ற காலத்தின் எச்சம் அச்சொல். ‘பெங்களூரு முறை’ எனப் பெயர்பெற்ற தொழில்நுட்பம் 1930களின் இறுதியில் உருவானது. இரண்டாம் உலகப்போர்க் கால உணவுப் பஞ்சத்தின்போது ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கம் அதனை நகரங்கள்தோறும் ஊக்குவித்தது. வேளாண் நூல்கள் அதனை வெற்றிக் கதையாகவே எழுதின. எடுப்புக் கக்கூஸ்களிலிருந்து வாளியில் அள்ளி, தலையிலும் வண்டியிலும் உரக்கிடங்குவரை கொண்டு சேர்த்த அருந்ததியர்களும் பிற தூய்மைப் பணிச் சமூகத்தினரும் அந்த நூல்களில் இல்லை.

முத்துக்குளிப்பின் வரலாறும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. மன்னார் வளைகுடாவில் எடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து, நாள்கணக்கில் அழுகவிட்டு, புழு நெளியும் சதையை அலசித்தான் முத்தைப் பிரித்தெடுத்தனர். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்த முத்துக்கு உரிமை கொண்டாடினர். நாற்றம் உழைப்பவர்க்கு உரியதாயிற்று. செல்வம் தரும் எதையும் சந்தை நாற்றம் கருதி ஒதுக்கியதில்லை. நாற்றத்தை எவர் மீது சுமத்துவது என்பதை மட்டும் அது கவனமாகத் தீர்மானித்தது. தமிழ் மண்ணில் அத்தீர்மானத்தைச் சாதியே செய்தது.

அண்ணல் அம்பேத்கர் காந்தியத்தின் மீது வைத்த கடுமையான விமர்சனங்களுள் ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. மலம் அள்ளுவதைப் புனிதத் தொண்டு என்று புகழ்வது அவ்வேலையைச் செய்வோரை அதிலேயே பூட்டிவைக்கும் தந்திரம் என்று அவர் கண்டார். இன்று ‘இயற்கை உரம்’, ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்ற புதுப் புகழ்ச்சொற்கள் வந்துள்ளன. அவற்றையும் அதே உரைகல்லில் உரசிப் பார்க்கும் கடமை நமக்குண்டு.

பசுவின் சிறுநீரும் மனிதனின் சிறுநீரும்

இதில் ஒரு முரண்பாட்டையும் கவனிக்க வேண்டும். பசுவின் சிறுநீர் சேர்ந்த பஞ்சகவ்யத்தை வயலில் தெளிப்பதை எவரும் அருவருப்பதில்லை. புட்டியில் அடைத்தும் விற்கிறார்கள். 2022 நவம்பரில் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம் ஹெக்கோதாரா கிராமத்தில் தலித் பெண் ஒருவர் பொதுக் குழாயில் நீர் அருந்தியதற்காகத் தொட்டி நீர் வெளியேற்றப்பட்டு, பசுவின் சிறுநீரால் ‘தூய்மை’ செய்யப்பட்டதாகச் செய்தி வந்தது. ஒரு விலங்கின் கழிவு தூய்மைப்படுத்தும் பொருளாகவும் ஒரு மனிதரின் தாகம் தீட்டாகவும் கருதப்படும் நாடு இது.

மனிதக் கழிவோ ஒடுக்கப்பட்டோர் மீது ஏவப்படும் ஆயுதமாக இருந்துவருகிறது. திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் 2002இல் தலித்துகளின் வாயில் மனித மலம் திணிக்கப்பட்டது. 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் சீதி மாவட்டத்தில் பழங்குடி ஒருவர் மீது சிறுநீர் கழிக்கும் காணொளி நாட்டை அதிரவைத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில், அருவருப்பான பொருளை உண்ணவோ குடிக்கவோ வைப்பதும், பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் வாழிடத்தில் மலத்தையும் கழிவையும் கொட்டுவதும் தொடக்கக் கூறுகளாக இடம்பெற்றிருப்பதே இந்த வரலாற்றுக்குச் சான்று.

இந்தப் பின்னணியில் ‘சிறுநீரை அருவருக்காதீர்கள், அது வளம்’ என்ற அறிவுரை எல்லோர் காதிலும் ஒரே பொருளில் விழாது. அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் இதுவரை அருவருத்தவர்களே.

முசிறியும் டர்பனும்

திண்ணியம் இருக்கும் அதே திருச்சி மாவட்டத்தில்தான் முசிறியும் இருக்கிறது. அங்கு ‘ஸ்கோப்’ என்ற தொண்டு நிறுவனம் 2000களின் பிற்பாதியில் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் சமுதாயக் கழிப்பறையை அமைத்தது. பயன்படுத்த வந்தவர்களுக்குச் சிறு தொகையும் கொடுத்தது. கட்டணம் கொடுத்துக் கழிப்பறைக்குச் செல்லும் நாட்டில், கழிவைத் தருபவருக்குப் பணம் என்ற செய்தி உலகக் கவனத்தைப் பெற்றது. நிறுவனர் மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டம் காமேஸ்வரத்திலும் இத்தகைய கழிப்பறைகள் கட்டப்பட்டன. நிலத்தடி நீர் மேலெழுந்து நிற்கும் கடற்கரையில் குழிக் கழிப்பறை கிணற்றைக் கெடுக்கும் என்பதால் இதற்குத் தொழில்நுட்ப நியாயமும் இருந்தது.

முசிறியின் உண்மையான பெருமை, தருபவருக்கு மதிப்பளித்ததில் இருக்கிறது. ஆனால் அம்மதிப்பு அத்துடன் நின்றுவிடக் கூடாது. சேகரிப்பவர், தொட்டியைக் கழுவுபவர், மட்கிய மலத்தை வெளியே எடுப்பவர் யார் என்பதையும் ஒவ்வொரு திட்டமும் பதிவுசெய்ய வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம் இதில் நமக்குப் பாடம். 2000ஆம் ஆண்டுக் காலராவுக்குப் பின் நகர நிர்வாகம் புறநகர்ப் பகுதிகளில் ஏறத்தாழ 80,000 சிறுநீர் பிரிப்புக் கழிப்பறைகளைக் கட்டியது. பெட்டகத்தைக் காலிசெய்யும் வேலை குடும்பங்களின் பொறுப்பாயிற்று. பயனாளிகளிடையே அதிருப்தி மிகுந்தது. நகரின் மற்ற பகுதியினருக்குத் தண்ணீர் ஊற்றும் கழிப்பறை, நமக்கு மட்டும் இதுவா என்று அவர்கள் கருதினர். அதே தொழில்நுட்பத்தை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நடுத்தர வர்க்கத்தினர் விரும்பி ஏற்கிறார்கள். அங்கு வாகனம் வந்து எந்திரத்தால் உறிஞ்சி எடுத்துச் செல்கிறது. கருவி ஒன்றே. எவருக்கு முதலில் கொடுக்கப்படுகிறது, எவர் கையால் இயங்குகிறது என்பதே வேறுபாடு.

சட்டத்தின் இடைவெளி

கையால் மலம் அள்ளும் தொழிலாளர் பணியமர்வுத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013 இங்கு நமக்கு எவ்வளவு துணைநிற்கும்? அச்சட்டம் சுகாதாரமற்ற கழிப்பறையிலும் அதன் கழிவு சேரும் திறந்த வடிகாலிலும் குழியிலும் உள்ள மனிதக் கழிவை, அது முழுமையாக மட்கும் முன் கையாள்வதைத் தடைசெய்கிறது. கழிவுநீர்க் குழாய்களிலும் மலக்கழிவுத் தொட்டிகளிலும் பாதுகாப்பின்றி இறக்குவதை ஏழாம் பிரிவு தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கு இரண்டாண்டுச் சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இதில் மூன்று ஓட்டைகள் தென்படுகின்றன. முதலாவது, சிறுநீரை மட்டும் தனியே சேகரிக்கும் கலனும் தொட்டியும் இந்த வரையறைகளுக்குள் வராது என வாதிட இடமுண்டு. மூடிய பெருந்தொட்டியில் தேங்கும் அம்மோனியா ஆளைச் சாய்க்கும் என்பதைச் சட்ட வரையறை அறியாது. இரண்டாவது, ‘முழுமையாக மட்கும் முன்’ என்ற சொற்றொடர். பிரிப்புக் கழிப்பறையின் பெட்டகத்தைத் திறக்கும் நாளில் அது மட்கியதா இல்லையா என்பதை யார் சான்றளிப்பது? மூன்றாவது, அறிவிக்கப்பட்ட கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால் அவரைக் கையால் மலம் அள்ளுபவராகக் கருத வேண்டாம் என்ற விளக்கக் கூறு. கையுறை ஒன்று தொழிலின் பெயரை மாற்றிவிடுகிறது. தொழில் செய்பவரின் சாதியை மாற்றுவதில்லை. ‘நமஸ்தே’ திட்டத்தின்கீழ் விவரம் திரட்டப்பட்ட ஏறத்தாழ 38,000 கழிவுநீர்த் தொழிலாளர்களுள் 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று 2024இல் வெளியான அரசுத் தரவே சொல்கிறது.

2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அது முப்பது லட்சமாக உயர்த்தப்பட்டது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே, 2020 ஜூலையில், நம் மாவட்டத்தின் கீழ செக்காரக்குடியில் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யச் சென்ற நான்கு தொழிலாளர்கள் நச்சுவாயு தாக்கி மாண்டனர். இழப்பீடு உயர்கிறது, இறங்கும் மனிதரின் நிலை அங்கேயே நிற்கிறது.

நமக்குள்ள வலுவான கருவி அரசமைப்பின் 23ஆம் உறுப்பு என்று கருதுகிறோம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரை வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரை டன் திரவத்துக்கு 35 ரூபாய் மதிப்புள்ள ஒரு திட்டம், தொழிலாளிக்கு உரிய கூலியை எங்கிருந்து கொடுக்கும் என்பதைத் தொடங்கும் முன்பே காட்டியாக வேண்டும். காட்ட இயலாத திட்டம் 23ஆம் உறுப்பின் முன் நிற்காது.

நம் நிலைப்பாடு

சிறுநீர் உரத்தை நாம் எதிர்க்கவில்லை. தன் வீட்டுத் தோட்டத்துக்குத் தன் சிறுநீரைத் தானே எடுத்து, ஒன்றுக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல் வேரருகே ஊற்றி மண்ணால் மூடுபவரை வரவேற்கிறோம். தன் கழிவைத் தானே தொடுவதில் சாதியின் தூய்மைக் கோட்பாடு சற்றேனும் தளரும். அது இன்னொருவரின் கைக்கு மாறும் கணத்திலிருந்துதான் நம் நிபந்தனைகள் தொடங்குகின்றன.

ஒன்று, குடமும் கேனும் வாளியும் கூடாது. சரிவுக் குழாய், மூடிய தொட்டி, எந்திர உறிஞ்சி ஆகியவை இல்லாத எத்திட்டத்துக்கும் உள்ளாட்சி அனுமதி தரலாகாது.

இரண்டு, முன்னோட்டத் திட்டங்கள் சேரிகளிலும் ஆதிதிராவிடர் விடுதிகளிலும் தொடங்கக் கூடாது. ஆட்சியர் அலுவலகம், துறைமுக நிர்வாகக் கட்டடம், பல்கலைக்கழகங்கள், அமைச்சர்களின் மாளிகைகள் ஆகியவற்றில் தொடங்கட்டும்.

மூன்று, இப்பணிக்கான ஆள்சேர்ப்பு திறந்த போட்டியாகவும் பணி நிரந்தரமாகவும் இருக்க வேண்டும். தூய்மைப் பணியாளரின் பிள்ளைக்கு வாரிசுரிமையாக இதைத் தள்ளிவிடும் ஒப்பந்ததாரர் முறை ஒழிய வேண்டும்.

நான்கு, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைகளில் சிறுநீர்த் தொட்டியும் பிரிப்புக் கழிப்பறைப் பெட்டகமும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட வேண்டும். பாதுகாப்பு உடை அளித்தாலே விலக்கு என்ற விளக்கக் கூறு நீக்கப்பட வேண்டும்.

இதை வாசிக்கும் மாணவர்கள் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ‘பசுமை வளாகம்’ என்ற பெயரில் உங்கள் கல்லூரியிலேயே இத்தகைய திட்டம் நாளை வரலாம். வருமுன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சிக்கும், அரசுக் கல்லூரியாயின் உங்கள் நிர்வாகத்துக்கும் இந்தக் கேள்விகளை அனுப்புங்கள்: வளாகத்தின் கழிப்பறைகளையும் கழிவுத் தொட்டிகளையும் சுத்தம் செய்வோர் எத்தனை பேர்? அவர்களுள் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர்? நாள் கூலி எவ்வளவு? பட்டியல் சாதியினர் எத்தனை விழுக்காடு? கடைசியாகத் தொட்டியைத் திறந்தது எந்த நாள், எந்த எந்திரத்தால்? முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். அந்தப் பதில்கள் கையில் இருந்தால்தான், உரத் திட்டம் பற்றிய கூட்டத்தில் செடி எவ்வளவு வளர்ந்தது என்பதோடு சேர்த்து, சுமந்தவர் எவ்வளவு பெற்றார் என்றும் நம்மால் கேட்க முடியும்.